கோட்டை மான் ஏன் குப்பைக்கு வருகிறது?

திருகோணமலையில் மான் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. பிரட்ரிக் கோட்டை வாசலில் நிற்கும், கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் நிற்கும், கடற்கரை மணலில் படுத்து அசைபோடும், விடியப்புறம் பார்த்தால் பஸ் நிலையத்துப் பக்கம் குப்பையைக் கிளறிக்கொண்டும் நிற்கும். பொலித்தீன் தின்று மான் செத்தது என்று செய்தி வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. புல் தின்கிற மிருகம் ஏன் பிளாஸ்டிக்கைத் தின்கிறது? எல்லாவற்றையும் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன? 2025 மார்ச் 15ஆம் திகதி காலை நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கு, மயில் என்று எண்ணினார்களே, அப்போதும் பேச்சு இதே வழியில்தான் போனது: இவ்வளவு பெருகியது எப்படி, எங்கே கொண்டுபோய் விடுவது.

இதற்கு உயிரியலில் ஒரு பழைய கருத்து நேராகப் பதில் சொல்கிறது. தமிழில் செயல்வாழிடம் என்று எழுதுகிறார்கள், பேச்சில் 'நிச்' என்றே சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அதை அடியிலிருந்து பார்த்துவிட்டு மானுக்கு வருவோம்.

வாழிடம் வேறு, செயல்வாழிடம் வேறு

நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிற ஒரு வாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கரை, ஒரே மணல். ஆனால் வலை இழுக்கிறவர் வேறு, மீனைக் கூறு போடுகிறவர் வேறு, பெட்டியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் போய் விற்கிறவர் வேறு, மிச்சத்தை உப்பிட்டுக் கருவாடாக்குகிறவர் வேறு. கரை எல்லோருக்கும் பொது, பிழைப்பு ஆளுக்கு ஆள் வேறு. கரையை வாழிடம் என்றால் அந்தப் பிழைப்பைத்தான் செயல்வாழிடம் என்கிறோம்.

ஒரு உயிரின் பிழைப்பை முழுதாகச் சொல்ல ஒரு கேள்வி போதாது. குறைந்தது இவ்வளவாவது கேட்க வேண்டும்:

1. எதைத் தின்கிறது, எப்படி எடுக்கிறது?
2. எந்த நேரத்தில்?
3. எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு, எவ்வளவு வறட்சி தாங்கும்?
4. எங்கே படுக்கிறது, எங்கே குஞ்சு பொரிக்கிறது அல்லது குட்டி போடுகிறது?
5. யாருக்குப் பயந்து வாழ்கிறது, யாரோடு சாப்பாட்டுக்குப் போட்டி போடுகிறது?

1917இல் ஜோசப் கிரினெல் என்ற அமெரிக்கர் ஒரு கலிபோர்னியப் பறவையைப் பற்றி எழுதும்போது, அது எந்தச் சூழலில் நிற்க முடியும் என்பதையே முக்கியமாகப் பார்த்தார். பத்து வருடம் கழித்து இங்கிலாந்தின் சார்ல்ஸ் எல்டன், ஒரு உயிர் உணவுச் சங்கிலியில் என்ன வேலை பார்க்கிறது, யாரைத் தின்கிறது, யாருக்கு இரையாகிறது என்பதில் அழுத்தம் கொடுத்தார். 1957இல் ஹட்சின்சன் என்ற சூழலியலாளர் இரண்டையும் சேர்த்து, மேலே உள்ளவை போன்ற ஒவ்வொரு கேள்வியையும் ஒரு அளவுகோலாக வைத்து, எல்லா அளவுகோலும் சந்திக்கிற வெளிதான் அந்த உயிரின் செயல்வாழிடம் என்றார். நமக்கு இதில் தேவையான விஷயம் ஒன்றுதான். செயல்வாழிடத்துக்கு இப்படிப் பல அளவுகோல்கள், அதாவது அச்சுகள் உண்டு, அதில் ஒன்றை அசைத்தால் உயிரினத்தின் நடமாட்டமும் எண்ணிக்கையும் அசையும்.

ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு பேர் வந்தால்

1934இல் ரஷ்ய விஞ்ஞானி காஸ் ஒரு எளிய பரிசோதனையை வெளியிட்டார். பரமீசியம் என்ற ஒருகல உயிரியில் இரண்டு இனத்தைத் தனித்தனிக் குழாயில் வளர்த்தார், இரண்டும் நன்றாகப் பெருகின. ஒரே குழாயில் ஒரே தீனியோடு விட்டபோது ஒன்று மற்றதை மெல்ல மெல்ல அழித்தது. சண்டை ஒன்றும் இல்லை, தீனியைக் கொஞ்சம் வேகமாக முடித்தது, அவ்வளவுதான். பிறகு தோற்ற இனத்தை மூன்றாவது இனம் ஒன்றோடு சேர்த்துப் பார்த்தார். இரண்டும் நிலைத்தன. ஒன்று மேல்நீரில் மிதக்கும் பக்டீரியாவைத் தின்றது, மற்றது அடியில் படிந்த ஈஸ்ட்டைத் தின்றது.

இதிலிருந்து வந்ததுதான் போட்டி விலக்கு விதி. தட்டுப்பாடான ஒரே வளத்தை ஒரே மாதிரிப் பயன்படுத்துகிற இரண்டு இனம் ஒரே இடத்தில் நெடுநாள் சேர்ந்து நிற்காது. இங்கே 'தட்டுப்பாடான' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. கடற்கரையில் காற்றை எல்லா உயிரும்தான் சுவாசிக்கிறது, அதற்குப் போட்டி இல்லை.

கிண்ணியாப் பாலத்தடியிலிருந்து தம்பலகாமத்து வயல் வரை ஒருநாள் மீன்கொத்திகளை மட்டும் கவனித்துப் பாருங்கள், இந்த விதி கண்ணுக்கு முன்னால் விரியும். கறுப்பும் வெள்ளையுமான மீன்கொத்திக்கு உட்காரக் கிளை கட்டாயமில்லை. திறந்த நீருக்கு மேலே சிறகடித்து ஒரே இடத்தில் நின்று, மூக்கைக் கீழே பிடித்து, கல் விழுந்த மாதிரி விழும், சின்ன மீனென்றால் பறந்தபடியே விழுங்கியும் விடும். ஆகவே கரையிலிருந்து தள்ளியுள்ள நீரும் அதற்குச் சொந்தம். சின்ன நீல மீன்கொத்தி பெரும்பாலும் அப்படிச் செய்யாது, தண்ணீரோரத் தாழ்ந்த கிளையிலோ கம்பிலோ உட்கார்ந்து விரலளவு மீனையே எடுக்கும். பெரிய சிவந்த அலகுள்ள மீன்கொத்தி நிழல் மரம் கூடிய ஓடைக்கரையில் அசையாமல் இருந்து பெரிய மீனையும் நண்டையும் பிடிக்கும். நாம் அதிகம் பார்க்கிற வெண்மார்பு மீன்கொத்திக்குத் தண்ணீர்கூடக் கட்டாயமில்லை, மின்கம்பியில் உட்கார்ந்து வெட்டுக்கிளி, ஓணான், வயல்நண்டு என்று காலம் தள்ளும். பெயர் எல்லாவற்றுக்கும் மீன்கொத்தி, ஆனால் மீனின் அளவு, உட்காரும் இடம், நீரின் ஆழம் என்று பிரித்துக்கொண்டு நாலும் ஒரே ஊரில் இருக்கின்றன.

கடலிலும் அப்படியே. திருகோணமலைக் குடாவிலிருந்து ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்குக் கிட்டவே தொடங்குவதால் நீலத்திமிங்கிலத்தையும் எண்ணெய்த் திமிங்கிலத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட முடிகிறது. முதலாவதுக்குப் பல்லே இல்லை, வாய்நிறைய நீரை அள்ளி, சல்லடை போன்ற தகட்டால் வடித்துச் சின்ன இறால்களைத் தின்கிறது. இலங்கைக் கடலில் அது கூனி இறாலுக்கு உறவான ஒரு இறால் வகையைத் தின்பதாக ஆய்வில் தெரிந்திருக்கிறது. மற்றது வெளிச்சமே எட்டாத ஆழத்துக்கு இறங்கிக் கணவாய் பிடிக்கிறது. இரண்டுக்கும் இடையில் சாப்பாட்டுப் போட்டி என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

வரக்கூடிய இடமும் வாய்த்த இடமும்

படகின் அடியிலும் பாறையிலும் ஒட்டுகிற கொட்டலசு தெரியும்தானே. ஜோசப் கொனெல் என்பவர் ஸ்கொட்லாந்துக் கரையில் இரண்டு கொட்டலசு இனங்களைப் பார்த்தார். ஒன்று பாறையின் மேல்பகுதியில் மட்டும், மற்றது கீழ்ப்பகுதியில் மட்டும். கீழே உள்ளதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, மேலே இருந்த இனம் கீழேயும் நன்றாக வளர்ந்தது. அப்படியென்றால் கீழே வாழத் தெரியாமல் மேலே இருக்கவில்லை, கீழேயிருந்து தள்ளப்பட்டுத்தான் மேலே இருந்தது. கீழே உள்ள இனமோ, மேலே இடம் கொடுத்தாலும் வெயிலில் காய்ந்து செத்தது. 1961இல் வெளியான இந்த ஆய்வு இன்னும் பாடமாக இருப்பதற்குக் காரணம், ஒரு உயிர் வாழக்கூடிய எல்லை வேறு, போட்டியும் எதிரியும் விட்டுவைத்த எல்லை வேறு என்பதை வெறும் பாறையில் காட்டியதுதான். முதலாவதை அடிப்படைச் செயல்வாழிடம் என்பார்கள், இரண்டாவது நிகழ்ந்த செயல்வாழிடம்.

நம் பக்கத்து உதாரணம் புறாத்தீவு. அந்தத் தீவுக்குப் பெயர் வந்தது பாறை இடுக்கில் கூடு வைக்கிற மாடப்புறாவால். ஊருக்குள் கடை மாடியிலும் கோபுரத்திலும் இருக்கிற புறாவும் அதே இனத்து வழிவந்ததுதான். புறாவின் கணக்கில் கோபுரத்து விளிம்பு ஒரு பாறை விளிம்பு. நாம் கட்டடம் கட்டினோம், அதற்கு மலை கிடைத்தது. பக்கத்தில் சிந்திய தானியமும் கிடைத்தது. புறா மாறவே இல்லை, அதன் பழைய செயல்வாழிடத்துக்குப் புதிய இடத்தை நாம்தான் செய்துகொடுத்தோம்.

கந்தளாய்க் குளத்துத் திலாப்பியாவும் இந்த வரிசைதான். இலங்கையில் குளங்கள் எல்லாம் மனிதன் கட்டியவை, இயற்கையான பெரிய ஏரி கிடையாது. அதனால் இங்கத்தை மீன்களில் பெரும்பாலானவை ஆற்றுக்கும் ஓடைக்கும் பழகியவை, விரிந்த நிலைநீரின் பாசியையும் மண்டியையும் தின்று பெருக ஆள் குறைவாக இருந்தது. 1952இல் ஆபிரிக்கத் திலாப்பியாவைக் கொண்டுவந்து விட்டபோது அது அந்த வெற்றிடத்தில் அப்படியே போய் உட்கார்ந்தது. குளத்து மீன்பிடி அதனால் எழுந்தது உண்மை. ஆனால் வெளியிலிருந்து வருகிற எல்லா மீனும் வெற்றிடத்தைத் தேடி உட்காருவதில்லை, இருப்பவரைத் தள்ளிவிட்டு உட்காருகிறவையும் உண்டு. வீட்டுத் தொட்டியில் அழகுக்கு வளர்த்துவிட்டு அலுத்ததும் குளத்தில் கொட்டுகிற பழக்கம் அதனால்தான் ஆபத்தானது. 'டேங்க் கிளீனர்' என்று விற்கிற மீன் இப்போது இலங்கை நீர்நிலைகளில் பரவிக் கிடக்கிறது.

உடம்பு மாறுவது ஒன்று, பழக்கம் மாறுவது இன்னொன்று

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மான் விஷயத்தில் பாதித் தடுமாற்றம்.

உடம்பு மாறுவதைக் கண்ணால் பார்த்த இடம் கலாபகோஸ் தீவுகள். பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி டாப்னே மேஜர் என்ற குட்டித் தீவில் குருவிகளின் அலகைப் பல வருடம் அளந்துவந்தார்கள். 1977இல் கடும் வறட்சி. சின்ன விதைகள் தீர்ந்து, பெரிய கடினமான விதைகளே மிஞ்சின. நம் நெருஞ்சிமுள்ளின் இனத்தைச் சேர்ந்த ஒரு முள்விதையும் அதில் ஒன்று. தடித்த அலகுள்ள குருவிகள் உடைத்துத் தின்று பிழைத்தன, மற்றவை நிறையச் செத்தன. அடுத்த தலைமுறைக் குஞ்சுகளின் அலகு சராசரியில் தடித்திருந்தது. எந்தக் குருவியும் தன் அலகைத் தடிப்பாக்கிக்கொள்ளவில்லை, தடித்த அலகோடு பிறந்தவை மிஞ்சின. பிறகு அந்தத் தீவுக்கு இன்னும் பெரிய அலகுள்ள இனம் ஒன்று வந்து குடியேறியது. 2004ஐ ஒட்டி மறுபடி வறட்சி வந்தபோது பெரிய விதைகளை அந்தப் புதியவர்கள் முடித்துவிட, பழைய இனத்தில் இந்தமுறை சின்ன அலகுள்ளவை பிழைத்தன. வறட்சி ஒன்றுதான், பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது மாறியதும் விளைவு தலைகீழானது.

பழக்கம் மாறுவது இதைவிட எத்தனையோ மடங்கு வேகம். ஒரு காகம் இன்று கண்டதை நாளைக்கு நாலு காகம் செய்யும். ஆனால் பழக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை உடம்புதான் முடிவுசெய்கிறது. நம் வறண்ட காட்டில் குரங்கும் கருமுக மந்தியும் பக்கத்துப் பக்கத்து மரத்தில் இருக்கும். மந்தியின் வயிறு அறைகளாகப் பிரிந்தது, முற்றின இலையைக்கூட நுண்ணுயிர் வைத்துப் புளிக்கவைத்துச் செரிக்கும். குரங்கின் வயிறு எளியது, ஆனால் அதற்குக் கன்னப்பை உண்டு, சாமர்த்தியமான விரல் உண்டு, பழம், பூச்சி, முட்டை, சோறு எதுவும் ஆகும். கிடைத்ததைக் கன்னத்தில் அடைத்துக்கொண்டு ஓடிப்போய் ஆறுதலாகத் தின்னலாம். சமையலறைக்குள் புகுந்து பாணைத் தூக்குவது பெரும்பாலும் குரங்காக இருப்பது தற்செயல் இல்லை.

இனி மான்

புள்ளிமான் புல் மேயும், தழை தின்னும், கீழே விழுந்த பூவும் காயும் பொறுக்கும். காட்டில் மந்திகள் மேலே தின்றுகொண்டிருந்தால் அடியில் மான் கூடிவிடும், அவை சிந்துகிற இலையும் பழமும் நோகாமல் கிடைக்கும், சிறுத்தை வந்தால் மேலேயிருந்து எச்சரிக்கைக் குரலும் கிடைக்கும். யாரோ மேலேயிருந்து சிந்துவதைப் பொறுக்குவது மானின் பிறவிப் பிழைப்பில் ஒரு பகுதி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் சிந்துகிறவர்கள் நாம்.

நகரம் அதற்கு வாய்த்தது எப்படி என்றால்:

1. சிறுத்தை இல்லை. இலங்கைக் காட்டில் மானுக்குப் பெரிய பயம் அதுதான், எங்கே எவ்வளவு நேரம் தலைகுனிந்து மேயலாம் என்பதைத் தீர்மானிக்கிறதும் அந்தப் பயம்தான். அது போனதும், வரக்கூடிய இடம் முழுக்க வாய்த்த இடமாகிவிடுகிறது.
2. கோட்டை மதிலுக்குள் புல், மரநிழல், காவல். வேட்டைக்காரர் நுழைய முடியாது.
3. வறட்சிக்காலத்திலும் தீனி. இங்கே பெருமழை கார்த்திகை, மார்கழியில். மே தொடங்கிப் பல மாதம் நிலம் காய்கிறது. காட்டில் அந்தக் காலம் எண்ணிக்கையைக் குறைக்கும். நகரத்தில் மரக்கறிக் கடைக் கழிவும், கோயிலுக்குப் போகிறவர்கள் கையில் நீட்டுகிற வாழைப்பழமும் அந்தக் குறைவை நிரப்பிவிடுகின்றன.

சரி, பிளாஸ்டிக் ஏன்? சாப்பிட்டுவிட்டு எறிந்த சோற்றுப் பார்சல் ஒன்றைக் குனிந்து பாருங்கள். லஞ்ச் ஷீட் என்கிற அந்தப் பொலித்தீன் தாளில் பருப்புக் கறியின் எண்ணெய் மினுங்கும், உப்பு படிந்திருக்கும், மடிப்பில் நாலு சோறும் ஒரு துண்டு கிழங்கும் ஒட்டியிருக்கும். இலைதழையில் உப்பு குறைவு, அதனால் தாவரம் தின்னும் மிருகங்கள் உப்பைத் தேடித் திரியும், மானின் மூக்குக்கு அந்தத் தாள் நல்ல சாப்பாடு. குரங்கு என்றால் தாளை விரித்துச் சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டு தாளை எறிந்துவிடும். மானுக்குக் கை இல்லை. மேல் முன்வாயில் வெட்டுப்பல்லும் இல்லை. கீழ்ப்பல்லை மேலே உள்ள கெட்டிச் சதையில் அழுத்திப் பிடித்து இழுத்துப் பிய்ப்பதுதான் அதற்குத் தெரிந்த வழி, புல்லை அப்படித்தான் பிய்க்கிறது. ஆகவே சோற்றோடு தாளும் உள்ளே போகிறது.

உள்ளே போனதன் கதை இன்னும் மோசம். மானின் வயிறு நாலு அறை. முதல் அறையில் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைக்கும், மான் அதை வாய்க்குக் கொண்டுவந்து அசைபோட்டுப் பொடியாக்கும், பொடியானது மட்டும்தான் அடுத்த அறைக்குப் போகும். பொலித்தீன் புளிக்காது, பொடியாகாது, போகாது. நாருடன் சேர்ந்து உருண்டு முதல் அறையிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சேரச்சேர, புல்லுக்கு இடம் குறையும், வயிறு நிறைந்த உணர்வு மட்டும் இருக்கும். வயிறு உப்பி முதுகெலும்பு தெரிகிற மான் ஒன்றைக் கண்டால், அது வயிறு நிறையவே பட்டினி கிடக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு.

அதாவது மானின் பழக்கம் நகரத்துக்குள் வந்துவிட்டது, வயிறு இன்னும் காட்டில்தான் நிற்கிறது. 'நகரத்து மான் எல்லாவற்றுக்கும் பழகிவிட்டது' என்று சொல்வது அதனால்தான் தப்பு. பழகியது கால், பழகியது மூக்கு. மற்றபடி ஒன்றும் பழகவில்லை.

பிடித்துக்கொண்டுபோய் விட்டால்?

மனசு நல்ல மனசுதான், ஆனால் செயல்வாழிடக் கணக்கில் பார்த்தால் மூன்று இடத்தில் இடிக்கிறது.

1. மானைத் துரத்திப் பிடிப்பதே அதற்கு ஆபத்து. மிதமிஞ்சிய பயத்திலும் ஓட்டத்திலும் தசை சிதைந்து, பிடித்து ஓரிரு நாளில் சாகிற மான்கள் உண்டு.
2. கொண்டுபோய் விடுகிற காடு வெறுமையாக இல்லை. அங்கே ஏற்கெனவே மான் இருக்கிறது, அந்தக் காட்டின் புல்லுக்கு ஏற்ற அளவில் இருக்கிறது. நாய் குரைத்தாலும் நகராத நகரத்து மானுக்குச் சிறுத்தையின் வாடை என்னவென்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?
3. நகரத்தில் தீனி அப்படியே கிடக்கிறது. கொஞ்சத்தை அகற்றினால் மிச்சத்துக்குச் சாப்பாடு கூடும், குட்டிகள் அதிகம் பிழைக்கும். முழுவதையும் அகற்றினால் அதே குப்பைக்குத் தெருநாயும் கட்டாக்காலி மாடும் காகமும் குரங்கும் கூடும். காகம் கூடினால் அதன் கூட்டில் முட்டை வைக்கிற குயிலுக்கும் யோகம்.

தீனியும் எதிரியும் மாறினால் ஒரு இனம் எப்படிப் பெருகும் என்பதை இந்தக் கரை ஏற்கெனவே கடலுக்கடியில் பார்த்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் திருகோணமலைப் பவளப்பாறைகளில் முள்முடி நட்சத்திரமீன் பெருகிப் பவளத்தைத் தின்று தீர்த்தது. இப்படியான பெருக்கத்துக்கு உலகெங்கும் இரண்டு விளக்கம் சொல்வார்கள்: அதைத் தின்கிற பெரிய சங்குகளை அலங்காரத்துக்கு அள்ளிவிடுவது, நிலத்திலிருந்து கழுவிவரும் உரச்சத்தால் அதன் குஞ்சுகளுக்குத் தீனி பெருகுவது. நட்சத்திரமீனைக் கையால் பொறுக்கி எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும், ஆனால் அந்த இரண்டு அச்சும் அப்படியே இருந்தால் பொறுக்குகிற வேலை முடியாது.

மானுக்கும் அசைக்க வேண்டியது தீனி அச்சும் நேர அச்சும்தான். மான் அதிகம் நடமாடுவது அந்தியிலும் விடியலிலும். கடை பூட்டும்போது இரவில் வெளியே வைக்கிற குப்பைப் பை விடியும்வரை அதன் நேரத்தில்தான் கிடக்கிறது. அதே பையை வண்டி வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தால், ஒரு ரூபாய் செலவில்லாமல் மானின் நேரத்திலிருந்து குப்பை நகர்ந்துவிடும். உணவுக் கழிவையும் பொலித்தீனையும் ஒரே பையில் கட்டாமல் இருப்பது அடுத்தது. சோறு ஒட்டாத தாளை மான் தேடி வராது. தட்டினால் விழாத, மூக்கால் தூக்க முடியாத மூடியுள்ள தொட்டி கோட்டை வாசலுக்கும் கடற்கரைக்கும் சந்தைப் பக்கத்துக்கும் முதலில் வேண்டும். கையில் வாழைப்பழம் கொடுப்பதை நிறுத்துவது மனசுக்குக் கஷ்டம், தெரியும், ஆனால் மனிதர் நிற்கிற இடத்தில் சாப்பாடு இருக்கும் என்று குட்டி மான் கற்றுக்கொள்கிற பள்ளிக்கூடம் அந்தக் கைதான்.

இதையெல்லாம் மழைக்காலத்தில் செய்து பார்த்துவிட்டு மான் குறைந்தது என்று நினைத்துவிடக் கூடாது, மழையில் புல் இருக்கும், மான் தானாகவே குப்பைப் பக்கம் குறைவாகத்தான் வரும். தொட்டிக்கு மூடி போட்டுத் தீர வேண்டிய காலம் சித்திரை. வைகாசியில் புல் காயத் தொடங்கும்.